கப்பல் டிக்கெட் 20,000 ரூபாய்… இறங்கும்போது பில் எவ்வளவு வரும்?

"ரெண்டு நைட், மூணு நாள், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20,000 ரூபாய்தான்." இந்த மாதிரி ஒரு ரீல்ஸ் உங்க போன்லயும் வந்திருக்கும். பின்னாடி நீலக்கடல், முன்னாடி நீச்சல் குளம், கையில ஏதோ கலர் ஜூஸ். அதைப் பார்த்துட்டு ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ஃபார்வர்ட் பண்ணி "போலாமாடா?"ன்னு கேட்டவங்கள்ல நீங்களும் ஒருத்தரா இருந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

போக வேண்டாம்னு சொல்லப் போறதில்லை. அதை முதல்லயே சொல்லிடறேன். சம்பாதிக்கிறது எல்லாத்தையும் எஸ்ஐபி-லயே போட்டுட்டு அறுபது வயசுல கடலைப் பார்க்கணும்னு நம்ம சேனல்ல என்னைக்கும் சொன்னதில்லை. ஆனா கப்பல்ல போய்ட்டு வந்தவங்ககிட்ட பேசிப் பார்த்தா ஒரு விஷயம் தெளிவா தெரியுது. சந்தோஷமா திரும்பி வந்தவங்களும் சரி, எரிச்சலோட வந்தவங்களும் சரி, ரெண்டு பேருக்கும் கிடைச்சது கிட்டத்தட்ட ஒரே சர்வீஸ்தான். கப்பலோட விதிகள், சாப்பாடு, எக்ஸ்ட்ரா பில் இதெல்லாம் ஏறுறதுக்கு முன்னாடியே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னொருத்தருக்கு ஏறின பிறகுதான் தெரிஞ்சிருக்கு.

நம்ம விருத்தாசலத்துக்காரங்களுக்கு இது ஈஸியா புரியும். செராமிக் எஸ்டேட்ல ஒரு ஃபியூஸ் கேரியருக்கோ அகல் விளக்குக்கோ சூளை வாசல்ல ஒரு ரேட் சொல்வாங்க. அந்த ரேட்டை வச்சு யாராவது வியாபாரக் கணக்குப் போடுவாங்களா? வைக்கோல் வச்சுக் கட்டற பேக்கிங், ஏத்துகூலி, லாரி வாடகை, போற வழியில உடையற பீஸ், கடைசியா ஜிஎஸ்டி, எல்லாம் சேர்ந்தாதான் கடைக்காரருக்கு அடக்க விலை. கப்பல் விளம்பரத்துல போடற 20,000 சூளை ரேட். நமக்கு வேண்டியது அடக்க விலை.

எந்தக் கப்பல்னு முதல்ல பாருங்க

சென்னையில இருந்து கிளம்பற சொகுசுக் கப்பல்னா இப்போதைக்கு எல்லாருக்கும் ஞாபகம் வர்ற பேர் கார்டேலியா. 2022 ஜூன் 4-ம் தேதி சென்னை துறைமுகத்துல முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைச்சுத் தொடங்கி வச்சார். 2023 ஜூன் 5-ம் தேதி இதே கப்பல் சென்னையில இருந்து இலங்கைக்கும் கிளம்பிச்சு. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு ரூட். வருஷம் முழுக்க சென்னையிலயே நிக்கிற கப்பல் இல்ல. சீசனுக்குத்தான் இந்தப் பக்கம் வரும்.

கப்பலோட பேர் எம்ப்ரஸ். 1990-ல ராயல் கரீபியன் கம்பெனிக்காக 'நார்டிக் எம்ப்ரஸ்'ங்கற பேர்ல ஓட ஆரம்பிச்சது. 11 தளம், கிட்டத்தட்ட 800 அறை, 48,563 ஜிடி. ஜிடிங்கறது எடை இல்ல, கப்பலுக்குள்ள எவ்வளவு இடம் இருக்குங்கறதோட அளவு. நீங்க யூடியூப்ல வாயைப் பிளந்து பார்த்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2024 ஜனவரியில வந்தது, சுமார் 2.5 லட்சம் ஜிடி. அஞ்சு மடங்கு வித்தியாசம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, போய்ட்டு வந்தவங்க சொல்ற குறையில பெரும் பங்கு "ரூம் சின்னதா இருக்கு", "லிஃப்ட்ல கூட்டம்", "வீடியோவுல பார்த்த மாதிரி இல்ல"ங்கறதுதான். வீடியோவுல பார்த்தது வேற கப்பல். 35 வருஷத்துக்கு முந்தி டிசைன் பண்ண கப்பல்ல அறை அந்தக் காலத்து அளவுலதான் இருக்கும். அதனாலதான் அந்த விலைக்கும் கிடைக்குது. புது ஃப்ளாட்டோட சாம்பிள் ஹவுஸைப் பார்த்துட்டு பழைய ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தா வர்ற வருத்தம்தான் இது.

அறையிலயும் ரகம் இருக்கு. ஜன்னலே இல்லாத உள் அறை, ஜன்னல் வச்ச அறை, பால்கனி அறை. விளம்பரத்துல வர்ற விலை உள் அறைக்கு, அதுவும் ஒரு அறையில ரெண்டு பேர் தங்கற கணக்குல. தனியா போற பேச்சிலர் பல கப்பல்ல ரெண்டு பேர் விலைக்குப் பக்கத்துல கட்டணும். நாலு ஃப்ரெண்ட்ஸ் ஒரே அறை எடுத்தா மூணாவது, நாலாவது ஆளுக்குக் குறையும். ஆனா ஒரு பாத்ரூம், மேல மடக்குக் கட்டில். கல்யாணத்துக்கு மண்டபத்துல தங்கிப் பழகினவங்களுக்கு அது பெரிய விஷயம் இல்ல.

சாப்பாடு உட்பட… எந்தச் சாப்பாடு?

போய்ட்டு வந்தவங்க அதிகமா பேசறது சாப்பாட்டைப் பத்தித்தான். அதனால இங்க கொஞ்சம் நிதானமா போவோம்.

எந்தக் கப்பல்லயும் சாப்பாடு மூணு வகை. ஒண்ணு பஃபே. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பெரும்பாலும் ஏதாவது இருந்துட்டே இருக்கும், டிக்கெட்லயே அடங்கும். ரெண்டாவது மெயின் டைனிங். உட்கார வச்சுப் பரிமாறுவாங்க, இதுவும் டிக்கெட்ல அடங்கும். மூணாவது ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட். சைனீஸ், ஜப்பானீஸ், ஸ்டேக்னு தனியா காசு. போர்டுல விலை பெருசா எழுதியிருக்காது. உள்ள போய் உட்கார்ந்து மெனுவைத் திறந்தாத்தான் தெரியும், எழுந்து வர கூச்சமா இருக்கும். கூச்சப்படாதீங்க, எழுந்து வாங்க.

குடிக்கிறது தனிக் கணக்கு. தண்ணி, டீ, மெஷின் காபி பொதுவா ஃப்ரீ. பாட்டில் தண்ணி, கேன் கூல்டிரிங்க், ஃப்ரெஷ் ஜூஸ், நல்ல காபி, சரக்கு எல்லாத்துக்கும் பல கப்பல்ல பில் உண்டு. கையில காசு வாங்க மாட்டாங்க. அறைச் சாவியா கொடுத்த கார்டைத் தேய்ச்சுட்டு கையெழுத்து மட்டும் வாங்கிப்பாங்க. காசு போறது கண்ணுக்குத் தெரியாது. யுபிஐ வந்த பிறகு டீக்கடைச் செலவு நமக்கு எப்படிக் கூடுச்சோ அதே வித்தைதான்.

டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கலாமான்னு கேட்பீங்க. ராயல் கரீபியன் மாதிரி கம்பெனிகள்ல ஒரு விதி இருக்கு: ஒரே அறையில இருக்கற ஒரு பெரியவர் சரக்கு பேக்கேஜ் வாங்கினா, அதே அறையில இருக்கற மத்த பெரியவங்களும் வாங்கணும். புருஷன் மட்டும் குடிப்பார், பொண்டாட்டி மோர்கூட கேட்க மாட்டாங்கன்னாலும் ரெண்டு பேக்கேஜ். ஒருத்தர் வாங்கி ரெண்டு பேர் குடிச்சுடக் கூடாதுன்னு போட்ட விதி, அவங்க பக்கம் நியாயம் இருக்கு. ஆனா உங்க பட்ஜெட்ல அது டபுள். இது தெரியாம ஏறினவங்க கவுன்டர்ல நின்னு சண்டை போடறாங்க.

இப்போ டைம் விஷயம். நெய்வேலியில கான்ட்ராக்ட் இன்ஜினியரா வேலை பார்க்கற ஒரு தம்பி, அப்பா அம்மாவைக் கூட்டிட்டு ஒரு கப்பல்ல போய்ட்டு வந்தார். எந்தக் கப்பல்ங்கறது வேண்டாம். ரெண்டு வருஷமா சேர்த்து வச்ச போனஸ் காசு. அப்பாவுக்குச் சுகர். ராத்திரி ஏழரைக்குள்ள சாப்பிட்டு மாத்திரை போட்டாகணும். கப்பல்ல மெயின் டைனிங் ரெண்டு பந்தி. இவங்களுக்கு ஒதுக்கினது எட்டரை மணி ரெண்டாம் பந்தி. முதல் நாள் ராத்திரி பந்தி ஆரம்பிக்கறதுக்குள்ள அவருக்கு உடம்பு வேர்த்து நடுக்கம் வந்துடுச்சு. பஃபேவுல இருந்து அம்மா ஓடிப்போய் இனிப்பு எடுத்துட்டு வந்து கொடுத்திருக்காங்க. ரெண்டாம் நாள் அந்தத் தம்பி கெஸ்ட் சர்வீஸ் டெஸ்க்ல போய்க் கேட்டதும் அஞ்சு நிமிஷத்துல முதல் பந்திக்கு மாத்திக் கொடுத்துட்டாங்க. புக் பண்றப்பவே கேட்டிருந்தா அப்பவே கிடைச்சிருக்கும். அப்படி ஒரு ஆப்ஷன் இருக்குன்னு ஏஜென்ட் சொல்லவே இல்ல.

பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா மூணு கேள்வியை ஏஜென்ட்கிட்ட எழுத்துல, மெயிலா, கேளுங்க. டின்னர் முதல் பந்தி கிடைக்குமா? சைவத்துக்குத் தனிக் கவுன்டரா, இல்ல ஒரே வரிசையில வச்சிருப்பாங்களா? அறை லிஃப்ட்டுக்குப் பக்கமா? அந்தத் தம்பியோட அம்மா மூணு நாளும் தயிர்சாதத்துலதான் ஓட்டினாங்களாம். பஃபேவுல சைவம் ஏகப்பட்டது இருந்துச்சு, ஆனா பக்கத்துத் தட்டுல மீன் இருந்தது அவங்களுக்கு ஒத்துக்கல. கப்பல்காரங்க தப்பு இல்ல, அம்மா தப்பும் இல்ல. அதே கப்பல்ல போன இன்னொரு குடும்பம் சாப்பாட்டுக்குப் பத்துக்குப் பத்து மார்க் போடறாங்க.

வீட்டுல இருந்து புளியோதரை கட்டிட்டுப் போலாமான்னா, பொதுவா முடியாது. வெளிச் சமையலை உள்ள விடமாட்டாங்க. ஆயிரக்கணக்கான பேர் ஒரே பஃபே கரண்டியைத் தொடற இடம், ஒருத்தருக்கு வயித்துப்போக்கு வந்தா கப்பலுக்கே பரவும்ங்கற பயம். பாக்கெட் பிஸ்கட், குழந்தைக்கான உணவு மாதிரி சிலதுக்கு விதிவிலக்கு இருக்கும், கேட்டுக்கங்க. கெட்டில், அயர்ன் பாக்ஸ், இதுவும் அறைக்குள்ள கூடாது. நடுக்கடல்ல தீப்பிடிச்சா ஃபயர் சர்வீஸ் வராது, அதான் காரணம். இதுல கோபப்பட ஒண்ணுமில்ல.

டிப்ஸ் வேற, சர்வீஸ் சார்ஜ் வேற, ரெண்டும் உங்க பில்லுல

நம்ம ஆளுங்களுக்கு அதிகமா கடுப்பு ஏத்தற விஷயம் கிராஜுவிட்டி. டிப்ஸ்தான், ஆனா தானாவே பில்லுல ஏறும். ராயல் கரீபியன்ல 2024 நவம்பர்ல சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர்னு வச்சாங்க. சிங்கப்பூர் போய் நாலு நைட் கப்பல் ஏறற ஜோடிக்குக் கணக்குப் போடுங்க: 18.50 × 2 பேர் × 4 நாள் = 148 டாலர். டாலர் 90 ரூபாய்னு வச்சா 13,320 ரூபாய். அது போக அங்க டிரிங்க்ஸ் பில்லுல 18 சதவீதம் தனியா கிராஜுவிட்டி சேரும்.

நம்ம ஊர் ஓட்டல்ல சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லன்னு 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறி போட்டுச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அதை உறுதி பண்ணிச்சு. அது இந்தியாவுல இருக்கற ஓட்டல், ரெஸ்டாரன்ட்டுக்கு. சிங்கப்பூர்ல நிக்கற கப்பல்ல போய் அதைக் காட்ட முடியாது. சில கம்பெனிகள்ல கெஸ்ட் சர்வீஸ்ல கேட்டா குறைச்சோ எடுத்தோ விடுவாங்க. செய்யலாமா?

என் கருத்தைக் கேட்டா, வேண்டாம். அந்தப் பணத்துல இருந்துதான் அறை சுத்தம் பண்றவர், தட்டு எடுக்கறவர் சம்பளத்துல ஒரு பகுதி வருது. கடலூர் மாவட்டத்துல கேட்டரிங் படிச்சுட்டு கப்பல் வேலைக்குப் போன பையன் இல்லாத தெரு கம்மி. ஆறு மாசம், ஒன்பது மாசம் கான்ட்ராக்ட், வார லீவுன்னு ஒண்ணு கிடையாது. சர்வதேச கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்துல அவங்களுக்கு 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேர ஓய்வுன்னுதான் இருக்கு. உங்க ஐடி கம்பெனி ஷிப்ட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. கிராஜுவிட்டியைக் கிளம்பறதுக்கு முன்னாடியே செலவுல எழுதுங்க. எழுதினா கட்ட முடியலன்னு தெரிஞ்சா, அந்த டிரிப் உங்க பட்ஜெட்டுக்கு மேல.

அது என் சொந்தக் கருத்து, ஒத்துக்கணும்னு இல்ல. ஆனா இது கணக்கு: ராயல் கரீபியனோட ஆண்டறிக்கையில பார்த்தா மொத்த வருமானத்துல சுமார் 70 சதவீதம் டிக்கெட், மீதி 30 சதவீதம் கப்பலுக்குள்ள நடக்கற செலவும் மத்ததும். அதாவது டிக்கெட்டுக்கு 70 ரூபாய் குடுத்தவர் சராசரியா இன்னொரு 30 ரூபாயும் விடறார். கப்பலுக்குள்ள எல்லா வழியும் கடைகளுக்கு நடுவுல போறதும், போட்டோகிராபர் உங்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுக்கறதும் சும்மா இல்ல. கார்டேலியாவை நடத்தற வாட்டர்வேஸ் லெஷர் டூரிசம் 2025-ல ஐபிஓ-வுக்கு செபிகிட்ட டிஆர்எச்பி கொடுத்திருக்கு. ஒரு கம்பெனி எதுல சம்பாதிக்குதுன்னு தெரிஞ்சுக்க விளம்பரத்தைவிட டிஆர்எச்பி நல்ல இடம். (இது ஷேர் ரெகமண்டேஷன் இல்ல, சாமி.)

புதுச்சேரி போற கப்பல் புதுச்சேரி போகலன்னா?

2022 ஜூன்ல இது நிஜமாவே நடந்தது. சென்னையில இருந்து கிளம்பற கார்டேலியா ரூட்ல புதுச்சேரியும் இருந்துச்சு. கப்பல்ல கேசினோ இருக்குன்னு அங்க அரசியல் கட்சிகள் எதிர்ப்பு; துணைநிலை ஆளுநர் தரப்புலயும் அனுமதி இல்ல. கப்பல் புதுச்சேரிக் கடல் வரைக்கும் வந்து, ஆளை இறக்காமலே திரும்பிப் போச்சு. அப்புறம் 2025 ஜூலையிலதான் அதே கம்பெனிக் கப்பல் புதுச்சேரிக்கு வந்து, கடல்ல தள்ளி நின்னு, சின்னப் படகுல பயணிகளைக் கரைக்குக் கொண்டு வந்தாங்க.

விருத்தாசலத்துல இருந்து பஸ்ல போய்ட்டு சாயங்காலம் திரும்பற ஊர் புதுச்சேரி. அதைப் பார்க்கக் கப்பல் ஏறினவர் கப்பல்ல இருந்தே பார்த்துட்டு வந்தார்னா சிரிப்புதான் வருது. ஆனா பணம் திரும்பக் கிடைக்குமா? எந்தக் கம்பெனி விதிமுறையைப் படிச்சாலும் ஒரு வரி இருக்கும்: வானிலை, துறைமுக அனுமதி, பாதுகாப்பு காரணமா ரூட்டை மாத்த கம்பெனிக்கு உரிமை உண்டு. பெரும்பாலும் போகாத துறைமுகத்துக்கான கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவாங்க, முழு டிக்கெட்டை இல்ல.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பலும் இதுக்கு நல்ல உதாரணம். அது சொகுசுக் கப்பல் இல்ல, போக்குவரத்து. 2023 அக்டோபர் 14-ம் தேதி ஆரம்பிச்சு, ஒரே வாரத்துக்குள்ள வடகிழக்குப் பருவமழைன்னு நிறுத்தி, 2024 ஆகஸ்ட் 16-ம் தேதி 'சிவகங்கை'ங்கற வேற கப்பலோட திரும்ப ஓடுச்சு. அதனால அக்டோபர், நவம்பர், டிசம்பர்ல நம்ம கடல்ல எந்தப் பயணம் புக் பண்ணினாலும், தேதி மாறினா என்ன ஆகும்ங்கற பக்கத்தை முதல்ல படிச்சுட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

நீங்களா கேன்சல் பண்றது இன்னும் மோசம். நாள் நெருங்க நெருங்க பிடித்தம் கூடும். கடைசி ரெண்டு வாரத்துல கேன்சல் பண்ணா பல இடத்துல ஒரு ரூபாய் வராது. மேனேஜர் "மந்த் எண்ட்ல எப்படிப்பா லீவு?"ன்னு கேட்டார்ங்கறது கம்பெனி கவலை இல்ல. லீவு சிஸ்டத்துல அப்ரூவ் ஆன ஸ்க்ரீன்ஷாட் கைக்கு வந்த பிறகு புக் பண்ணுங்க. கல்யாணமான புதுசுல போறவங்களுக்கு இன்னொண்ணு: பல கம்பெனிகள் 24 வாரத்துக்கு மேலான கர்ப்பிணிகளையும், ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைகளையும் ஏத்தறதில்ல. ஆறு மாசம் முன்னாடி ஆஃபர்ல புக் பண்ணவங்க இதுல மாட்டிக்கறாங்க.

இப்போ அடக்க விலை

விருத்தாசலத்துல ஒரு ஜோடி. ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து கையில மாசம் 55,000 வருதுன்னு வைங்க. ஆளுக்கு 20,000 டிக்கெட், ஆக 40,000. நான் சொல்ற மத்த எண்கள் கணக்குக்காகத்தான், உங்க கோட்டேஷனை வச்சு மாத்திக்கங்க. துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 9,000. ரயில், ஆட்டோ, முந்தின நாள் சென்னையில ஒரு ராத்திரி தங்கல் 4,000. ஜூஸ், காபி, ஒரு நாள் ஆசைக்கு ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட், ஒரு போட்டோ 5,000. வைஃபை 2,000. மொத்தம் 60,000. விளம்பரத்தைவிட 20,000 கூட.

முந்தின நாள் தங்கறது ஏன்னா, அன்னைக்கே வைகையில ஏறினா எழும்பூர் சேர மதியம் ஆகிடும். ரயில் ஒரு மணி நேரம் லேட்டானா செக்-இன் மூடிடுவாங்க. கப்பல் நமக்காக நிக்காது. 1,500 ரூபாய் லாட்ஜ் வாடகையை மிச்சம் பண்ணப் போய் 40,000 ரூபாய் டிக்கெட்டைப் பணயம் வைக்காதீங்க.

இந்த 60,000-ஐ எப்படிக் கட்டறீங்கங்கறதுலதான் உண்மையான வித்தியாசம் இருக்கு. 16 சதவீத வட்டியில ஒரு வருஷ டிராவல் லோன் எடுத்தா மாசம் 5,444 ரூபாய் இஎம்ஐ. மொத்தம் கட்டறது சுமார் 65,300. பிராசஸிங் ஃபீஸ் தனி. அதையே இன்னைக்கு மாசம் 5,000 ஆர்டி-ல போட்டா, 6.5 சதவீத வட்டியில ஒரு வருஷத்துல சுமார் 62,100 கையில இருக்கும். லோன்ல போனா கப்பல்ல இருந்து இறங்கி பதினோரு மாசம் வரைக்கும் அலைக்குப் பணம் கட்டிட்டு இருப்பீங்க. ஆர்டி-ல போனா போய்ட்டு வந்த பிறகும் ரெண்டாயிரம் மிச்சம். நோ-காஸ்ட் இஎம்ஐ-ன்னு காட்டினாலும் பிராசஸிங் ஃபீஸும், வட்டி மேல ஜிஎஸ்டியும் ஸ்டேட்மென்ட்ல வரும், பாருங்க.

எமர்ஜென்சி ஃபண்ட்ல கைவைக்கலாமான்னு கேட்காதீங்க. பதில் உங்களுக்கே தெரியும்.

வெளிநாட்டுக் கப்பல்னா ரெண்டு மூணு விஷயம் சேர்த்துக்கங்க. நம்ம கார்டுல இன்டர்நேஷனல் யூசேஜை ஆன் பண்ணியிருக்கணும். பல வங்கிகள் 3.5 சதவீதம் வரைக்கும் ஃபாரெக்ஸ் மார்க்அப் போடும், அது மேல 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக ஒரு லட்சம் செலவு பண்ணா 4,130 ரூபாய் இதுக்கே போகுது. மார்க்அப் இல்லாத கார்டோ, ஃபாரெக்ஸ் கார்டோ பாருங்க. "ரூபாயில பில் போடட்டுமா?"ன்னு மெஷின் கேட்டா வேண்டாம்னு சொல்லி டாலர்லயே போடச் சொல்லுங்க; அந்த ரூபாய் ரேட் அவங்களுக்கு லாபமான ரேட். கப்பல் அக்கவுன்ட்டுக்கு டெபிட் கார்டைக் கொடுத்தா ஒரு தொகையைப் பிளாக் பண்ணி வைப்பாங்க, அது விடுபடச் சில நாள் ஆகும். அந்த வாரம் வீட்டு இஎம்ஐ இருந்தா பவுன்ஸ் ஆகிடும். போனை ஏரோபிளேன் மோடுல போடுங்க. கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க் சாதாரண ரோமிங் பேக்ல வராது, தெரியாம பேசின பத்து நிமிஷம் ஒரு நாள் சம்பளத்தைத் தின்னும்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜா வாங்கினா பில்லுல டிசிஎஸ்-னு ஒரு வரி இருக்கும். வீதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறிட்டே இருக்கு. அது செலவு இல்ல, உங்க பேர்ல முன்கூட்டியே கட்டற வரி. பான் நம்பர் சரியா கொடுங்க. 26ஏஎஸ்-ல ஏறியிருக்கான்னு பார்த்து ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். 2024 அக்டோபர்ல இருந்து ஆபீஸ்ல சொல்லி சம்பள டிடிஎஸ்-லயே குறைச்சுக்கவும் வழி இருக்கு. வரி கட்டற அளவு சம்பளம் இல்லாதவங்க ரிட்டர்ன் போடாம விட்டுட்டு, இந்தப் பணத்தை அப்படியே மறந்துடறாங்க.

அப்புறம் இன்சூரன்ஸ். கப்பல்ல டாக்டர் இருப்பார், ஃபீஸ் கறாரா வாங்குவாங்க. ஆபீஸ்ல கொடுக்கற குரூப் ஹெல்த் பாலிசி பொதுவா வெளிநாட்டுச் சிகிச்சைக்குச் செல்லாது. அப்பா அம்மாவோட போறப்போ ஏற்கெனவே இருக்கற சுகர், பிபி-க்கும் கவர் இருக்கற டிராவல் பாலிசியா கேட்டு வாங்குங்க.

ஏறினதும் லைஃப் ஜாக்கெட் பயிற்சின்னு கூப்பிடுவாங்க. நிறையப் பேருக்கு இது போர், டைம் வேஸ்ட்டுன்னு ஒரு குறை. 2012 ஜனவரி 13-ம் தேதி இத்தாலிக் கரையில கோஸ்டா கான்கார்டியா பாறையில மோதிச் சாய்ஞ்சப்போ 32 பேர் இறந்தாங்க; அன்னைக்குத்தான் ஏறின நூத்துக்கணக்கான பேருக்கு அந்தப் பயிற்சி அதுவரைக்கும் நடக்கவே இல்ல. அதுக்குப் பிறகு, கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ பயிற்சி நடத்தணும்னு சர்வதேச விதியை மாத்தினாங்க, 2015-ல அமலுக்கு வந்தது. ஒரு ரூபாய் வாங்காம கப்பல்காரங்க கொடுக்கற ஒரே சர்வீஸ் இதுவாத்தான் இருக்கும், போங்க.

ஏமாத்திட்டாங்கன்னு நிஜமாவே தோணினா

சாப்பாடு பிடிக்கலங்கறது புகார் இல்ல. பால்கனி அறைக்குப் பணம் வாங்கிட்டு உள் அறை கொடுத்தா, ரீஃபண்ட் தர்றோம்னு எழுதிட்டு இழுத்தடிச்சா, அது புகார். கப்பல்ல இருந்து இறங்கறதுக்கு முந்தின ராத்திரியே டெஸ்க்ல பில்லை பிரிண்ட் எடுத்து வரி வரியாப் பாருங்க. தப்பா ஏறின அயிட்டத்தை அங்கயே எடுத்துடுவாங்க. இறங்கி வந்து மெயில் போட்டா மாசக்கணக்குல ஆகும். புகாரை அங்கேயே எழுத்துல கொடுத்து, அதைப் போட்டோ எடுத்துக்கங்க.

அப்படியும் தீரலன்னா முதல்ல 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது நுகர்வோர் ஆணையம். கம்பெனி மும்பையில இருக்கு, நாம எங்க போய் கேஸ் போடறதுன்னு யோசிக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற இடத்துலயே வழக்குப் போடலாம். விருத்தாசலத்துக்காரங்களுக்கு அது கடலூர் மாவட்ட ஆணையம். நீங்க கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையத்துல கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமயும் வாதாடலாம், இ-ஜாக்ரிதி தளத்துல ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம். பிரச்சினை நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட், ஏஜென்ட்டோட வாட்ஸ்அப் பேச்சு, பணம் கட்டின ரசீது, கடைசி நாள் பில், இந்த நாலையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க. ஏஜென்ட் "எல்லாம் இன்குளூடட் சார்"னு வாய்ஸ் நோட்ல சொல்லியிருந்தா அதை டெலீட் பண்ணிடாதீங்க.